வாளிகளில் என் மரம்

ஏழு வருஷமாக ஒரு பூக்கூடக் காட்டாத என் மரம் பூத்துவிட்டது! கிளை தெரியவில்லை, இலை தெரியவில்லை, எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு. ஜன்னலைத் திறந்தவள் இரவு உடையோடே தோட்டத்துக்கு ஓடினேன்.

இது பூவுக்காக வளர்க்கிற ஆப்பிள் மரம். காய் கோலிக்குண்டு அளவுதான், கடித்தால் பல் கூசும். இத்தனை நாள் பூக்காததற்குக் காரணம் என் வீட்டுக்காரர் ஹால்வர். பிப்ரவரி வந்தால் கத்தரியோடு ஏறி, சுத்தம் செய்கிறேன் என்று மொட்டுக் கட்டிய குட்டைக் கிளைகளையெல்லாம் வழித்துவிடுவார். இந்த முறை பனியில் வழுக்கித் தோளை முறித்துக்கொண்டார். மரம் பிழைத்தது.

மறுநாள் மே பதினேழு, நாட்டின் திருநாள். கொடி ஊர்வலம் என் வாசல் வழியாகத்தான் போகும், ஊரே பார்க்கும். முக்கியமாக, பக்கத்துத் தோட்டத்து யோஸ்டைன் பார்ப்பான். பள்ளியில் என்னோடு ஒரே வகுப்பு. என் மரத்துக்கு அவன் வைத்த பெயர் ‘தண்ணி குடிக்கிற விறகு’.

அவனே, மரம் பூத்த அன்று காலையிலேயே வேலி தாண்டி வந்தான், தொப்பியைக் கையில் பிடித்தபடி.

“ரக்னில், உன் பூ வேணும்.”

“பார்க்கவா? நாளைக்கு வா, காபியும் தர்றேன்.”

“பார்க்க இல்ல. வெட்டி எடுத்துட்டுப் போக.”

“புத்தி கெட்டுப் போச்சாடா உனக்கு?”

விஷயம் இதுதான். ஒரே ரக ஆப்பிள் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது, வேறு ரகப் பூ பக்கத்தில் வேண்டும். அதற்காக அவன் அப்பா வரிசைதோறும் என் மரம் போலவே ஒன்று நட்டிருந்தார். இந்தப் புத்திசாலி, இடத்தை அடைக்கிறது என்று போன வருஷம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டான். இப்போது தோட்டம் முழுக்க வெள்ளைப் பூ, காய்க்க வழியில்லை. வாரம் பூராவும் குளிர்மழை. தேனீ பறக்கிற மாதிரி வெயில் அன்று ஒரு நாள்தான்.

“இந்தக் குளிர்ல தேனீ உன் மரத்துக்கும் என் வரிசைக்கும் அலையாது. கிளைய வாளித் தண்ணில வெச்சு வரிசை நடுவுல நிறுத்தினா போதும், மிச்சத்தத் தேனீ பார்த்துக்கும்.”

“மத்த தோட்டக்காரங்ககிட்ட கேளேன்.”

“பூவ வெட்டினா அவங்க காய் போயிடுமே. உன்னுது...”

“சொல்லு. விறகுதானே?”

அவன் முகம் செத்துவிட்டது. “வாய்க்கொழுப்பு, சொன்னேன். இந்த வருஷம் காய்க்கலன்னா தோட்டம் கை மாறிடும், ரக்னில்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழு வருஷம் காத்தவளுக்கு ஒரு நாள்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையா? மரத்தைப் பார்த்தேன், அழுகை வந்தது. அவனைப் பார்த்தேன், அவனும் அழுதுவிடுவான் போலிருந்தது. ஏணியை நானே சாய்த்தேன்.

“நீ தொடாத! நான் வெட்டறேன். கீழ நின்னு பிடி, ஒரு இதழ் விழுந்தது, தொலைச்சுடுவேன்.”

ஹால்வர் ஒற்றைக் கையால் தண்ணீர் நிரப்பினார். பால் வாளி, மீன் வாளி, பேத்தியின் மணல் வாளி, எதையும் விடவில்லை. சரிவில் ஏறியும் இறங்கியும் ஓடினோம். மூச்சு வாங்கியது, நிற்கவில்லை. மதியத்துக்குள் அவன் வெள்ளை வரிசைகளுக்கு நடுவே என் இளஞ்சிவப்பு நின்றது.

தேனீ வரவில்லை. யோஸ்டைன் நகத்தைக் கடித்தான். வெயில் மேகத்துக்குள் போனது, மறுபடி வந்தது.

அப்புறம் ஒன்று வந்தது. என் பூவுக்குள் புகுந்து புரண்டு, மேலெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு வெளியே வந்தது.

“போ, அந்தப் பக்கம் போ, தாயே,” என்றான் யோஸ்டைன், கிசுகிசுப்பாக.

அது நேராக அவன் வெள்ளைப் பூவில் போய் உட்கார்ந்தது!

“என் மரத்துப் பூடா! என் மரத்துப் பூ!” என்று கத்தி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான்.