உப்புப் பார்க்காத சாம்பார்

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மாணிக்கத்தின் சாப்பாட்டுக் கடை நிரம்பிவிடும். நன்மை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்குகிறவர்கள் நடுராத்திரிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது அப்போதைய சட்டம். வெறும் வயிற்றோடு முழங்கால் போட்டு எழுந்தவர்கள் வருகிற வேகத்தைப் பார்த்தால் தோசைக்கல்லுக்கே நடுக்கம் வரும்.

அடுப்படியில் நிற்பவன் இயேசுதாசன். விடியுமுன் அடுப்பில் சிலுவை போட்டுப் பற்றவைத்தால் மத்தியானம் வரை அந்த இடத்தை விட்டு நகர முடியாது. கொதிக்கிற சாம்பாரில் ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பான். உப்பு, புளி, காரம் மூன்றுக்கும் அந்த ஒரு சொட்டுப் போதும்.

கை கழுவ வந்த கோயில் உபதேசியார் அற்புதராஜ் அடுப்படி வாசலில் நின்றார். "ஏம்ப்பா இயேசுதாசா, உன்னைக் கோயில்ல பாத்து எவ்வளவு நாளாச்சு. ஞாயித்துக்கிழமை பூசை காணாம இருக்கிறது சாவான பாவம்னு தெரியாதா?"

"தெரியும்ங்க."

"தெரிஞ்சா வரணும்லா. சரி, எனக்கு இன்னொண்ணு போடு. நல்லா முறுகலா."

அவருக்கு முறுகல் தோசையும் வேண்டும், அதைப் போடுகிற ஆள் அதே நேரத்தில் கோயிலில் முழங்காலிலும் இருக்க வேண்டும். இது எப்படி நடக்கும் என்று அந்த மனுஷர் ஒருநாளும் யோசித்தவர் இல்லை. இயேசுதாசன் மாவை ஊற்றினான்.

அந்தக் கடை வருஷத்தில் ஒரே நாள்தான் சாத்தியிருக்கும், தீபாவளிக்கு. மாணிக்கம் முதலாளி எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இயேசுதாசன் விடியற்காலைப் பூசைக்குப் போய் நன்மை வாங்கி வருவான். ஊரில் எல்லாரும் ஈஸ்டருக்கு வாங்குகிறார்கள், நம்ம ஆள் தீபாவளிக்கு வாங்குகிறான் என்று அவன் மனைவி அன்னம்மா கேலி செய்வாள்.

ஆனால் ஜெபத்துக்கு அவன் குறை வைத்ததில்லை. கடையில் கடிகாரம் முதலாளி மேசைக்கு மேலேதான். அடுப்படிக்கு அவன் ஜெபமே கடிகாரம். பருப்பு வேக ஐந்து பத்து கொண்ட ஒரு ஜெபமாலை. ரசம் நுரை கட்ட மூன்று அருள் நிறைந்த மந்திரம். கடுகு வெடித்து அடங்க ஒரு பிதா சுதன் போதும். பக்கத்தில் ஆட்டுக்கல்லில் மாவாட்டும் பூவம்மா வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவள். அவளுக்கே அந்த மந்திரமெல்லாம் மனப்பாடம். "அண்ணே, ரெண்டாம் பத்து தாண்டிட்டீங்க, பருப்பைக் கிண்டுங்க" என்பாள்.

அந்த வருஷம் அவன் மகள் பிரிஜட்டுக்குப் புதுநன்மை, முதல் தடவை நன்மை வாங்கும் நாள், வந்தது. பிள்ளைகள் முதலில் வாங்க, பின்னாலேயே தாய் தகப்பன் வாங்குவது கோயில் வழக்கம்.

"அப்பா, நீங்களும் என் பின்னாடி முட்டிபோடுவீங்கதானே?" என்று கேட்டது பிள்ளை.

"போடுவேன்டா" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அன்றைக்கும் கடை திறந்திருக்கும் என்பது நினைவுக்கு வந்தது.

புதுநன்மை ஞாயிறுக்குப் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் கோயில் வளாகத்தில் காலைப் பலகாரம். உபதேசியார் அதற்கான ஆர்டரைக் கொடுத்தது வேறெங்கும் இல்லை, மாணிக்கம் கடையில்தான். இட்லி, சாம்பார், கேசரி. சமைக்க வேண்டியவன் இயேசுதாசன். ராத்திரிக்குப் பிறகு வாயில் ஒன்றும் படக்கூடாதவனும் அவனேதான்.

முதலாளியிடம் போய் நின்றான். "சாப்பாட்டை நானே தள்ளுவண்டியில கொண்டு போறேன் முதலாளி. பூசை முடிஞ்சதும் பரிமாறிட்டு வந்துடறேன்."

"போயிட்டு வா தாசு, நான் என்ன வேணாம்னா சொன்னேன்?" என்றார் மாணிக்கம். "ஆனா ஒண்ணு. வெளி ஆர்டர். உப்பு தப்புச்சு, கடைப் பேரு போயிரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

போன வருஷம் ரசத்தில் உப்பைக் கூட்டிவிட்ட இன்னொரு சமையல்காரன் அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கியிருந்தான். இயேசுதாசன் குடும்பத்தோடு இருப்பது கடைக்குப் பின்னால் மாடியில், வேலையோடு வந்த அறை. வேலை போனால் கூரையும் போகும்.

பூவம்மாவிடம் சொன்னான். அவள் ஆட்டுக்கல்லை நிறுத்தினாள். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே. சரி விடுங்கண்ணே, நான் உப்புப் பாக்குறேன்."

"வெத்தலை போட்ட நாக்கு, பூவம்மா. உனக்கு என்ன தெரியும்?"

அவள் கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். அவனுக்கே சுருக்கென்றது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

சனிக்கிழமை மாலை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தான். மறுநாள் இருட்டோடு அடுப்படிக்கு இறங்கியபோது பூவம்மா அவனுக்கு முன்னாலேயே வந்து நின்றாள். வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினாள். சிவப்பில்லாமல் வெளுத்துக் கிடந்தது.

"முந்தாநேத்துலேர்ந்து வெத்தலை தொடல. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. உங்க மகளுக்காகத்தான், உங்களுக்காக இல்ல."

இயேசுதாசன் அடுப்பில் சிலுவை போட்டான்.

இட்லி வெந்தது. பருப்பு குழைந்தது. புளியைக் கரைத்து ஊற்றி, ஜெபமாலையில் நாலாம் பத்தில் இருந்தபோது அவன் வலது கை தானாகக் கரண்டியை எடுத்தது, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டது, உள்ளங்கை வாய்க்குப் போனது. எத்தனை வருஷப் பழக்கம்.

"அண்ணே" என்று பூவம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். உதட்டுக்கும் கைக்கும் ஒரு விரல் இடைவெளிதான். அவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அவள் மாவுத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து அவன் உள்ளங்கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"இனிமே கை மறந்தாலும் துணி மறக்காது."

அவளே ஊற்றி நக்கினாள். கண்ணை மூடினாள். "ஒரு சிட்டிகை." போட்டான். மறுபடி நக்கினாள். "போதும். இறக்குங்க."

பாத்திரங்களை வண்டியில் ஏற்றும்போது மாணிக்கம் வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "வெட்டிக்கிட்டியா?"

"இல்ல முதலாளி."

"பின்னே என்ன? சாம்பார் பாத்தியா?"

"பூவம்மா பாத்திருக்கு."

"மாவாட்டுறவ பாத்த சாம்பாரா என் கடையிலேர்ந்து போகுது? நீ ஒரு வாய் பாரு. பாத்துட்டு வண்டிய எடு."

இயேசுதாசன் கரண்டியைப் பார்த்தான். ஒரு சொட்டு. மாடி அறையில் அன்னம்மா பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் போட்டுத் தலைமுக்காட்டில் ஊசி குத்திக்கொண்டிருப்பாள். அந்த அறையும் இந்தச் சொட்டிலேதான் இருந்தது.

"நீங்களே பாருங்க முதலாளி."

"நான் குளிச்சுத் திருநீறு பூசாம பல்லுல தண்ணி படவிடமாட்டேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும் முதலாளி. எனக்கும் இன்னைக்கு அப்படித்தான்." அவன் கரண்டியை வண்டியில் போட்டான். "உப்பு தப்பா இருந்தா நாளைக்கு நான் வேலைக்கு வரல."

"நானும் வரல" என்றாள் பூவம்மா, ஆட்டுக்கல் பக்கமிருந்து.

மாணிக்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீங்களா. போ, போய்த் தொலை. பதினோரு மணிச் சாப்பாட்டுக்கு நீ இங்க இருக்கணும்."

வண்டியைக் கோயில் கொல்லைப்புறத்தில் மரத்தடியில் நிறுத்திவிட்டு, குழாயில் முகம் கழுவிக்கொண்டு, கடைசி வரிசையில் நுழைந்தான். சட்டையில் பெருங்காய வாசனை. நேரம் வந்தபோது பிரிஜட் கைகூப்பிப் பீடத்துக்கு முன்னிருந்த கிராதிக்கு நடந்தாள். பின்னால் அன்னம்மா. அதற்கும் பின்னால் அவன். முழங்கால் போட்டு, கண்ணை மூடி, நாக்கை நீட்டினான். அந்தச் சிறிய வெண்மை நாவில் ஒட்டிக் கரைந்தது. தீபாவளி இல்லாத ஒரு நாளில், மகள் பக்கத்தில். அவனுக்கு அழுகை வந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

பூசை முடிந்ததும் அவன்தான் முதலில் வெளியே ஓடினான். இலை போட்டு, இட்லி வைத்து, வாளியில் சாம்பாரை மொண்டு வருவதற்குள் படம் எடுப்பவர் வந்துவிட்டார். பிள்ளைகளையும் பெற்றோரையும் படிக்கட்டில் நிறுத்தினார்கள். அன்னம்மா கையை ஆட்டிக் கூப்பிட்டாள். இயேசுதாசன் இரண்டு படி ஏறினான்.

"வாளியோட நிக்காதீங்க, படத்துல விழும்" என்றார் படக்காரர்.

"அவன் சாப்பாட்டுக் கடை ஆளுதாங்க" என்றார் உபதேசியார். "நீ போய்ப் பந்திய கவனிப்பா. எல்லாரும் வெறும் வயிறு."

இறங்கிப் போனான். படம் எடுத்தார்கள்.

பிள்ளைகளுக்குத்தான் முதல் பந்தி. அவன் சாம்பார் ஊற்றிக்கொண்டே போனான். யார் முகத்தையும் பார்க்கத் துணிவில்லை. யாராவது முகம் சுளித்தால் முடிந்தது. மகளின் இலைக்கு ஊற்றும்போது அவன் கை நின்றது. பிரிஜட் இட்லியைப் பிட்டாள், சாம்பாரில் தோய்த்தாள், தன் வாயில் வைக்காமல் எழுந்து அவன் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"வாயத் திறங்கப்பா. நீங்களும் ஒண்ணுமே சாப்பிடலயே."

ஒரு கையில் வாளி, ஒரு கையில் கரண்டி. குனிந்து வாயைத் திறந்தான், சற்று முன் கிராதியில் திறந்த மாதிரியே.

"உப்பு சரியா இருக்காப்பா?"

மென்றான். விழுங்கினான். பூவம்மாவின் நாக்குக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது.

"சரியா இருக்குடா கண்ணு."

"இயேசுதாசா" என்று பந்தியின் அந்தக் கோடியிலிருந்து உபதேசியார் கூப்பிட்டார். வாய் நிறைய இட்லி. "பாத்தியா, மனசு வச்சா பூசைக்கு வர முடியுதில்ல? இனி வாராவாரம் வந்துடணும். இங்க சாம்பார் கொண்டா."

பிரிஜட் அடுத்த வாய்க்கு இட்லியைத் தோய்த்து எடுத்திருந்தாள். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அப்பா அந்த வரிசையை முடித்துத் திரும்பி வரட்டும் என்று பிள்ளை அந்த வாய் இட்லியை ஏந்தியபடியே நின்றாள். வெள்ளைக் கவுனின் கைமடிப்பில் சாம்பார் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.