அம்மாவுக்குப் பக்கத்து இடம்

அப்பாவின் தாடியில் வழிந்த கஞ்சியை ஒட்டீலி துடைத்துக்கொண்டிருந்தபோது போதகர் படியேறி வரும் சத்தம் கேட்டது. வைத்தியர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சும் வலப்பக்கமும் போய்விட்டன. இடது கையும் கண்களும்தான் மிச்சம். கீழே கடை சாத்திக் கிடந்தது.

அப்பா ரைன்ஹோல்ட் கிராம்லிக் ஜெர்மனியிலிருந்து பொடியனாக அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்தவர். இங்கிலீஷ் கற்றதே உள்நாட்டுப் போரில், வடக்குப் பட்டாளத்தில்தான், அதுவும் கெட்ட வார்த்தைகளை முதலில். தொடையில் குண்டு வாங்கிக்கொண்டு இந்த விஸ்கான்சின் ஊருக்கு வந்து, ஆணியும் உப்பும் மண்ணெண்ணெயும் விற்றே மனுஷனானார். ஞாயிறு காலை லுத்தரன் கோயில், சனி மாலை பழைய சிப்பாய்களின் சங்கம். இரண்டையும் விடவில்லை.

புதுப் போதகர் வந்ததும் பிடித்தது வினை. சங்கத்துச் சடங்கில் கிறிஸ்துவின் பெயர் இல்லாமல் ஜெபம் செய்கிறார்களாம். அதை விடாதவனுக்கு நற்கருணையும் இல்லை, கோயில் கல்லறையில் இடமும் இல்லை என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். "போதகர் ஒரு பக்கம் இழுக்கிறாரு, சிப்பாய்ங்க ஒரு பக்கம் இழுக்கிறாங்க. நடுவுல என் உப்புமீன் பீப்பாய யார் பாக்கறது?" என்று அப்பா சிரித்து மழுப்பினார். ஆனால் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்து இடத்தில் களை பிடுங்கும்போதெல்லாம் மகளிடம் சொல்வார்: "என்னை இங்கதான் போடணும். உங்கம்மா தனியா கிடந்தா பயந்துக்குவா." ஒட்டீலியும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

போதகர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கட்டிலருகே முழங்காலிட்டபோது அவர் குரல் தழுதழுத்தது.

"ஐயா, சங்கத்தை விட்டுட்டேன்னு ஒரு சைகை போதும். மக கைய அழுத்துங்க." கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார்.

அப்பாவின் இடது கை ஒட்டீலியின் கைக்குள் இருந்தது. அழுத்துங்கப்பா, அழுத்தித் தொலையுங்களேன் என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். அப்பா கையை மெல்ல உருவிக்கொண்டு தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

போதகர் கண் திறந்தார். "அழுத்தினாரா?"

"அழுத்தினாரு," என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை ஆயுசில் அவள் அவரிடம் வாங்கியதில்லை. போதகர் ஊட்டிய நற்கருணை ரசம் உதட்டுக்குள் போகாமல் தாடியில் இறங்கியது; அதையும் துடைத்தாள். பிறகு அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றது.

அடக்கத்தன்று சங்கத்துக் கிழவர்கள் நீலக் கோட்டும் கொடியுமாக வந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றார்கள். போதகர் மறித்தார், கிராம்லிக் சாகும்போது சங்கத்தை மறுதலித்துவிட்டார் என்றார். குண்டடி பட்ட அப்பாவைப் போர்க்களத்திலிருந்து முதுகில் சுமந்து வந்த ஆமோஸ் டில்சன் அதை நம்பவில்லை. மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நேராக ஒட்டீலியிடம் வந்தார்.

"அவர் சொல்றத விடு. நீ சொல்லும்மா. நாங்க வேணாம்னு உங்கப்பன் ரைனி சொன்னானா?"

பெட்டி குழிக்கு மேலே கயிற்றில் நின்றது. பக்கத்தில் அம்மாவின் கல். பின்னாலேயே வந்த போதகர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் பெட்டி வண்டிக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்பா, மன்னிச்சிடுங்க.

"ஆமா மாமா."

"அவன் வாயாலயா?"

"பேச்சு வரல. என் கைய அழுத்தினாரு."

ஆமோஸ் சண்டை போடவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஆட்கள் கயிற்றைத் தளர்த்த, பெட்டி இறங்கத் தொடங்கியது. அது அடியைத் தொடுவதற்குள் அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.