பெட்டி வேண்டாமாம்

“லாங் போறதுக்கு இதுதான் மேடம் சரியா இருக்கும்” என்று ஷோரூம் பெண் சொன்னதும் என் மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்த வேகத்திலேயே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கேதான் எனக்கு மூக்கு வியர்த்தது.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் கொண்டு கொடுக்கிற வேலை அவளுக்கு. பழைய ஸ்கூட்டர் கிடந்து இருமியது, புது வண்டி வேண்டும் என்றாள், சரி என்றேன். இன்னொரு சின்ன ஸ்கூட்டர் வாங்குவாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளோ சின்னதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. ஓரத்தில் நின்ற பூதாகாரமான ஒன்றில் ஏறிப் பார்த்தாள், கால் எட்டவில்லை, இறங்கிவிட்டாள். நடுத்தர உயரத்தில் நின்ற மேக்ஸி ஸ்கூட்டரைத்தான் சுற்றிச் சுற்றி வந்தாள். பருத்த சக்கரம், முன்னால் அகலமான மார்பு, நடுவில் ஒரு மேடு, இரண்டு பக்கமும் காலை நீட்டி வைத்துக்கொள்ள இடம். ஏறி உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றினாள். குதிகால் முழுசாக ஊன்றியது. இறங்கி, பின் சீட்டைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். அது எவ்வளவு அகலம், எவ்வளவு தாங்கும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். தெருத்தெருவாக ஊசியோடு சுற்றுகிறவளுக்கு லாங் எதற்கு, பின் சீட்டின் அகலம் எதற்கு? கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாள், பொய் சொல்ல வைத்த பாவம் எனக்கு வரும்.

நான் பிறக்கும்போதே சந்தேகத்தோடு பிறந்தவள் இல்லை. துணி தைக்கிறவள், அளவு கொடுத்தால் நம்பி வெட்டுகிறவள். என் மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது ஒரு பெரிய பெட்டி வாங்கினான். கீறல் விழாமல் இருக்கட்டும் என்று நானே அதற்கு உறை தைத்தேன், ஓரத்தில் இரட்டைத் தையல் வேறு. உள்ளே அவனுடைய கல்யாணப் போட்டோ தவிர எல்லாம் இருந்ததை நானும் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. போன இடத்தில் அவன் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். போன் முதலில் குறைந்தது, பிறகு நின்றது. அன்றைக்குப் படாத சந்தேகத்தையெல்லாம் இப்போது வட்டியோடு படுகிறேன்.

அவன் போன பிறகும் மருமகள் இருந்தாள். ஏன் இன்னும் இருக்கிறாய் என்று அவளை எல்லோரும் கேட்டார்கள், என் தங்கைகூட வாய் கூசாமல் கேட்டாள். நான் மட்டும் கேட்கவே இல்லை. கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவாளே.

வண்டியைப் பதிவு செய்த கையோடு சாமான் மாட்டுகிற கடைக்குப் போனோம். அந்தக் கடைக்காரர் நிழலிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். கண்ணைக் காட்டாத ஆளை நான் நம்புவதில்லை, அதனால் அவருக்கு அப்போதே கூலிங்கிளாஸ் என்று பெயர் வைத்துவிட்டேன். மருமகள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வண்டியோடு வருகிற முன் கண்ணாடி குட்டை, உயரமானது வேண்டும். போனை மாட்டிச் சார்ஜ் போடுகிற பிடி வேண்டும். பனியில் தெரிகிற மஞ்சள் விளக்கு வேண்டும். கை விறைக்காமல் இருக்க ஹேண்டில்பாருக்கு மறைப்பு வேண்டும். நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். காற்று, வழி தெரியாத ரோடு, பனி, குளிர். இந்தத் தெருவில் இதில் எது இருக்கிறது?

“எதுக்கும்மா இவ்ளோ உசரக் கண்ணாடி?”

“காத்து நெஞ்சுல அடிக்காது அத்தை.”

“இத்தனை வருஷமா அடிக்கலையா?”

“அடிச்சுது. அதான் மாட்டுறேன்” என்றாள், சிரிக்காமல்.

பின்னால் மாட்டுகிற பெட்டிகள் இருந்த பக்கம் நகர்ந்ததும், “இங்க புழுக்கமா இருக்கு, நீங்க ஃபேனுக்குக் கீழ போய் உட்காருங்க அத்தை” என்று என்னை அனுப்பினாள். அடேயப்பா, என்ன கரிசனம். உட்கார்ந்தேன். காதுக்கு எட்டவில்லை, கண்ணுக்கு எட்டியது. அங்கிருந்ததிலேயே பெரிய பெட்டியைத் திறந்து மூடினாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தூக்கிப் பிடித்து, இவ்வளவு உயரம் என்று காட்டினாள். கூலிங்கிளாஸ் தலையை ஆட்டினார். துணி அடுக்குகிற உயரத்தைத்தான் காட்டுகிறாள் என்று எனக்குப் பட்டது. நாலைந்து சேலை, அவளுடைய வெள்ளைக் கோட்டு, மேலே ஒரு துண்டு. அவள் கேட்ட நிறத்தில் பெட்டி அப்போது இல்லை, வரவழைத்து வண்டி கொடுக்கிற அன்றைக்கு மாட்டித் தருவதாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தும் அவள் நடமாட்டம் சரியில்லை. என் அளவு டேப்பை எடுத்துப் போயிருந்தாள். கேட்காமல் எடுத்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் எண் உள்பக்கம் வரும்படி சுருட்டுவேன், அவள் வெளிப்பக்கம் வரும்படி சுருட்டி வைத்திருந்தாள். அதோடு போகவில்லை. தையல் மிஷினுக்கு முன்னால் நான் உட்காருகிற நாற்காலியின் சாய்மானத்தில், சாக்குக்கட்டியால் ஒரு கோடு. என் சாக்குக்கட்டி, என் நாற்காலி. முதுகெலும்பு தேய்ந்ததிலிருந்து அந்தச் சாய்மானம் இல்லாமல் என்னால் ஒரு பாவாடைகூடத் தைக்க முடியாது. நாற்காலியை விற்கப் பார்க்கிறாளோ, இல்லை தூக்கிக்கொண்டு போகத்தான் அளந்தாளோ? ஈரத் துணியால் அந்தக் கோட்டைத் துடைத்தேன். துடைத்த இடத்தில் மரம் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் அவள் மாடிப்படியில் நின்று போன் பேசினாள். நான் துணி உலர்த்தப் போகிறவள் மாதிரி வாளியோடு படிக்குக் கீழே நின்றேன்.

“வீடு பாத்துட்டேன்... ஆமா, புது லேபுக்குப் பக்கம்தான்... ஒரு ரூமா ரெண்டு ரூமான்னு இன்னும் முடிவு பண்ணல. சொல்றேன்.”

வாளியைக் கீழே வைத்துவிட்டேன். அவளுடைய லேபுக்கு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் புதிதாகக் கிளை திறக்கிறார்கள் என்று அவளே ஒரு தடவை, வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். பொறுப்பாக ஒரு ஆள் தேடுகிறார்கள் என்றாள். அந்த ஆள் யார் என்று சொல்லவில்லை. இப்போது எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்திக்கொண்டது. லாங், கண்ணாடி, விளக்கு, பெட்டி. ஒரு ரூம் என்றால் அவள் மட்டும். ரெண்டு ரூம் என்றால் யாரோ கூட. அந்த யாரோ நானாக இருக்கலாம் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. நான் வயிற்றில் சுமந்து பெற்ற மகனுக்கே என்னைக் கூட்டிப்போகத் தோன்றவில்லை, இவளுக்கு எங்கிருந்து தோன்றும்?

எனக்குப் பயமாக இருந்தது. கோபம் மாதிரி வெளியே வந்தாலும் உள்ளே இருந்தது பயம்தான். காலையில் யார் என் முதுகுக்குத் தைலம் தேய்ப்பார்கள் என்கிற பயம் இல்லை அது, அதற்குக் கூலிக்கு ஆள் கிடைக்கும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்காத சாயங்காலம்தான் பயம். அந்தச் சத்தம் கேட்டால் மிஷினை நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவது எனக்குப் பழகிப் போயிருந்தது.

அவள் வேலைக்குப் போன பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். முதுகு கத்தியது, கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். கூலிங்கிளாஸ் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

“அன்னிக்கு ஒரு பொண்ணு பெரிய பெட்டி சொல்லியிருந்துச்சே. அது வேண்டாமாம்.”

“வேண்டாமா? வந்துருச்சேம்மா. நேத்துதான் பார்சல் பிரிச்சேன்.”

“வேற யாருக்காவது மாட்டுங்க. அவ வேண்டாங்கிறா.”

“நீங்க?”

“நான் அவ அம்மா” என்றேன்.

மாமியார் என்று சொன்னால் போன் போட்டுக் கேட்பார். அம்மா சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் தலையை ஆட்டினார். திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே தெம்பு. பெட்டி இல்லாமல் எதில் வைத்துக் கொண்டு போவாள், பார்க்கலாம் என்று நினைத்தேன். மனிதர்கள் கைப்பையோடும் போவார்கள் என்பது வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் உறைத்தது.

வண்டி வந்த அன்று நான் மிஷினில் ஒரு மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்தேன். புதுச் சத்தம், கனமானது. ஆனாலும் நிறுத்திய விதத்தில் அவள்தான் என்று தெரிந்தது. வாசலுக்குப் போனேன். உயரக் கண்ணாடி இருந்தது, மஞ்சள் விளக்கு இருந்தது, போன் பிடி இருந்தது. பின் சீட்டுக்கு அப்புறம் வெறும் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கைப்பிடியில் இரண்டு ஹெல்மெட் மாட்டியிருந்தாள். ஒன்று அவள் தலைக்கு. இன்னொன்று சின்னது, சாம்பல் நிறம்.

அவள் சாவியை எடுத்தாள். வண்டியிலிருந்து இறங்கவில்லை.

“எங்க அம்மா கடைக்கு வந்திருந்தாங்களாம் அத்தை.”

என் முகத்தில் ஈ ஆடியிருக்காது. அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

“பெட்டி வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாங்களாம். தோள்ல நூலோட ஒரு ஊசி குத்தியிருந்துச்சாம்.”

கை தானாக என் தோளுக்குப் போனது. ஊசி அங்கேதான் இருந்தது, வெள்ளை நூலோடு.

“பஸ்லயா போனீங்க? அந்த முதுக வச்சுக்கிட்டு?”

திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் நின்றிருந்தேன். ஊசியைப் பிடுங்கி முந்தானைக்குள் குத்திக்கொண்டேன்.

“அந்தப் பெட்டி முன்னாடி ஒரு மெத்தை ஒட்டி வரும் அத்தை. பின்னாடி உட்கார்றவங்க சாஞ்சுக்கலாம். ஒரு அளவுலதான் வருமாம். உங்க நாற்காலி உசரத்துக்கு ஏத்தி ஒட்டித் தரச் சொல்லியிருந்தேன்.”

நாற்காலியில் நான் துடைத்த கோடு நினைவுக்கு வந்தது. கடையில் அவள் தூக்கிப் பிடித்த உள்ளங்கைகளுக்கு நடுவே இருந்தது என் முதுகு. வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

“அப்ப பெட்டி எனக்காகத்தானா?”

அவள் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

“மொதல்ல எனக்குத்தான். நீங்க நெனச்சது தப்பில்ல. மெத்தை கேட்டது அப்புறம்.”

அந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“இப்ப போய்க் கேட்டா?”

“நேத்தே வேற ஆளுக்கு மாட்டிட்டாராம். அடுத்தது எப்ப வரும்னு தெரியாதுங்கிறார்.” சாம்பல் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினாள். “போட்டுக்குங்க. ஒரு வீடு காட்டணும்.”

“எங்க?”

“ஏறுங்க.”

வீடு என்றால் எந்த வீடு? அவள் இருக்கப் போகிற வீடா, என்னைக் கொண்டுபோய் விடப் போகிற வீடா? என் புத்தி இவ்வளவுக்குப் பிறகும் அடங்கவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பார்த்தேன், மிஷினுக்கு உறை போட்டேன், ஜன்னலைச் சாத்தினேன், எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தேன். அவள் ஹாரன் அடிக்கவில்லை. திரும்பி வந்தபோது வண்டியை வாசல்படியோடு ஒட்டி நிறுத்தியிருந்தாள், நான் காலைத் தூக்கச் சிரமப்படாமல் இருக்க. ஹெல்மெட் சரியாகப் பொருந்தியது. என் கொண்டையின் அளவுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏறி உட்கார்ந்தேன். சீட் அகலமாகத்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் தெரு. பிடித்துக்கொள்ளலாம் என்று கையைப் பின்னால் விட்டேன், கம்பி எட்டவில்லை.

“என்னைப் பிடிச்சுக்குங்க” என்றாள்.

இத்தனை வருடத்தில் அவளைத் தொட்டதெல்லாம் டேப்போடுதான். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று அளந்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். இப்போது இரண்டு கையையும் அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டேன். வண்டி கிளம்பியது. தெருமுனைப் பள்ளத்தில் குலுங்காமல் இறங்கி ஏறியது. உயரக் கண்ணாடி காற்றையெல்லாம் இரண்டாகப் பிரித்து வெளியே தள்ளியது, எனக்குச் சேலைத் தலைப்புகூடப் பறக்கவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் அவள் காதுப் பக்கம் குனிந்து, “எத்தனை ரூம்?” என்று கேட்டேன்.

ஹெல்மெட்டுக்கு உள்ளே அது கேட்டதோ என்னவோ. ஒரு லாரி எங்களைக் கடந்து போனது. பக்கத்துக் கண்ணாடியில் அவள் தாடை மட்டும் தெரிந்தது, ரோட்டைப் பார்த்தபடி. இன்னொரு தடவை கேட்க வாயைத் திறந்தபோதுதான் என் விரல்களுக்குத் தெரிந்தது, அவள் இடுப்பைச் சுற்றிப் போன என் கைகள் ஒன்றை ஒன்று தாண்டி, மணிக்கட்டு வரைக்கும் போயிருந்தன. நான் அளந்து வைத்திருந்ததைவிட இளைத்திருந்தாள். வண்டி வேகம் எடுத்தது. நான் கேட்கவில்லை, என் மணிக்கட்டையே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.