அதிகப்படியான ஒரு கை

கண்ணை மூடியவர்களுக்குக் கண் திறந்துவிடுவதுதான் அவருடைய தொழில். கேட்பதற்குக் கடவுள் வேலை மாதிரி இருக்கும். செய்வதென்னவோ ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில், காற்றாடி பாதி சுற்றிப் பாதி முனகும் மூலையில் உட்கார்ந்து. குடும்பப் படத்தில் சித்தப்பா சரியான நேரத்தில் கண் சிமிட்டிவிட்டால், அவருடைய வேறொரு படத்திலிருந்து இரண்டு கண்களை வெட்டியெடுத்து ஒட்டுவார். வேறு படம் கிடைக்காவிட்டால் சித்தப்பாவின் தம்பி கண்ணே போதும். "ஒரே ரத்தம்தானே, யாரு உத்துப் பாக்கப்போறா?" என்பார். இதுவரை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. அந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் அடுத்தவர் கண்ணோடு சுவரில் நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

பரு, மரு, இரட்டை நாடி, பின்னால் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த அந்நியர் என்று எல்லாவற்றையும் இருபது வருடமாகத் துடைத்துத் துடைத்து, அவருக்கு எதைப் பார்த்தாலும் முதலில் தெரிவது அதில் எடுக்க வேண்டியது எது என்பதுதான். படத்தைத் திருத்தும் இந்த வேலைக்கு 'டச்சிங்' என்று பெயர்; அதனால் ஸ்டுடியோவில் எல்லோரும் அவரை டச்சிங்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

அவருடைய ஒரே மகளுக்கு ஏழு வயது. பள்ளிப் பதிவேட்டில் அழகான நீளப் பெயர் ஒன்று இருந்தது. வீட்டில் சுண்டெலி.

சுண்டெலியின் பள்ளியிலிருந்து அந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. 'எல்லையில்லா வானம்: குழந்தைகளின் தன்வெளிப்பாட்டுச் சுவர்' என்று தலைப்பு. குழந்தைகள் மனத்தில் தோன்றுவதை முழுச் சுதந்திரத்தோடு வரையலாம் என்று முதல் வரி சொன்னது. மீதி இருபத்திரண்டு வரிகளும் விதிமுறைகள். தாளின் நான்கு ஓரத்திலும் ஓர் அங்குலம் விட வேண்டும். மெழுகு வண்ணம் மட்டுமே. கறுப்பைக் குறைவாகப் பயன்படுத்தவும். பெற்றோர் உதவக் கூடாது, ஆனால் படம் நேர்த்தியாக இருப்பதைப் பெற்றோர் உறுதிசெய்ய வேண்டும்.

அதைப் படித்த சுண்டெலியின் அம்மா, "இதுல எந்த இடத்துல வானம் இருக்குன்னு தேடிப் பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தாளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

சுண்டெலி இரண்டு நாள் குப்புறப் படுத்து வரைந்தாள். மூன்றாம் நாள் மாலை, வீட்டுக் கணினியில் ஒரு மாப்பிள்ளையின் வழுக்கையை நிரப்பிக்கொண்டிருந்த அப்பாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ப்பா, முடிச்சிட்டேன்."

"சூப்பர்டா."

"பாக்கவே இல்ல, அதுக்குள்ள சூப்பரா?"

"பாத்தேன் பாத்தேன். கலர் நல்லாருக்கு."

"இன்னும் காட்டவே இல்ல நான்."

"அப்படியா? வெச்சிட்டுப் போ, அப்புறம் பாக்குறேன்" என்றார். மாப்பிள்ளைக்கு நெற்றியை எங்கே முடிப்பது என்று அவருக்கு அப்போது பெரிய குழப்பம். மறுநாள் காலை படம் பள்ளிக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் பிரின்சிபால் மேடம் ஒரு பென் டிரைவோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். அந்தப் பள்ளியின் அடையாள அட்டைப் படங்கள், வகுப்புக் குழுப் படங்கள் எல்லாமே இந்த ஸ்டுடியோதான். அதனால் முதலாளி எழுந்து நின்று, நாற்காலியை இரண்டு முறை துடைத்தார்.

"நாப்பது படம், ஸ்கேன் பண்ணியாச்சு சார்" என்றார் மேடம் டச்சிங்காரரிடம். "பெயர் போடலை, நம்பர் மட்டும்தான். எந்தக் குழந்தையும் தாழ்வா நினைக்கக் கூடாது பாருங்க. பெரிய ஷீட்டா பிரிண்ட் போட்டு ஹால் சுவர் முழுக்க ஒட்டணும். பளபளன்னு லேமினேஷன்."

"செஞ்சிடலாம் மேடம்."

"அப்படியே கொஞ்சம்... குழந்தைங்கதானே, அங்கங்க தப்பு விட்டிருக்கும். தப்பை மட்டும் எடுத்துடுங்க. ஒரிஜினாலிட்டி கெடக் கூடாது."

தப்பை மட்டும் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மறுநாளே உட்கார்ந்தார். முதல் படத்தில் நாய்க்கு ஐந்து கால், ஒன்றை எடுத்தார். நான்காம் படத்தில் நிலாவுக்கு மூக்கு, எடுத்தார். ஒன்பதில் ஒரு பஸ் வானத்தில் போய்க்கொண்டிருந்தது; பத்திரமாகத் தரையிறக்கினார். பதினான்கில் ஒரு குழந்தை பதினோரு பலூன் வைத்திருந்தது. அதில் தப்பேதும் தென்படவில்லை என்பதால் விட்டுவிட்டார்.

இருபத்தேழாம் படத்துக்கு வரும்போது டீ வந்துவிட்டது. ஒரு ஆள் முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒரு கை மேசையில் எதையோ பிடித்திருந்தது, இன்னொன்று காதில் போனை வைத்திருந்தது. முதுகின் நடுவிலிருந்து மூன்றாவதாக ஒரு கை முளைத்து, நீளமாகப் பின்னால் வந்து, அங்கே நின்ற சிறு பெண்ணின் கையைப் பிடித்திருந்தது. 'பாவம், எண்ணத் தெரியவில்லை' என்று டச்சிங்காரர் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அந்தக் கையைத் துடைத்தார். நல்ல நேர்த்தியான வேலை. முதுகில் ஒரு சுவடு இல்லை.

ஆனால் இப்போது அந்தச் சிறுமி வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. பதினான்காம் படத்தில்தான் பதினோரு பலூன் இருந்ததே. அதில் சிவப்பாக ஒன்றை வெட்டியெடுத்து அவள் கையில் கொடுத்தார். அந்தக் குழந்தைக்கு மீதி பத்து இருந்தது, பத்து தாராளம். படம் களை கட்டிவிட்டது.

தன் கையெழுத்தை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளலாம், தன் குரலைக்கூடக் கண்டுகொள்ளலாம். தன் முதுகை எப்படிக் கண்டுகொள்வது? அதைத் தினமும் பார்க்கிறவர்கள் வேறு ஆட்கள்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. சிறப்பு விருந்தினர், கட்டிட அனுமதி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பி ஓய்வு பெற்றவர். கற்பனைக்குக் கடிவாளம் போடக் கூடாது என்று பேச அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை. அவர் அதைத் தாளைப் பார்த்துப் படித்தார். குழந்தைகள் வாயில் விரல் வைத்துக் கேட்டார்கள். வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

பிறகு ஒவ்வொரு குழந்தையும் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கேமராவைப் பிடித்திருந்தவர் டச்சிங்காரர்தான். ஸ்டுடியோவில் வழக்கமாகப் படம் எடுப்பவர் விடுப்பில் இருந்தார். இருபத்தாறு வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது.

"நம்பர் இருபத்தேழு!" என்றார் டிராயிங் மிஸ்.

சுண்டெலி வந்தாள். வந்தவள் சுவரைப் பார்த்துவிட்டு நகர்ந்து, இருபத்தெட்டைப் பார்த்தாள், இருபத்தாறைப் பார்த்தாள், திரும்பி வந்தாள்.

"மிஸ், என் படம் இல்ல இது."

"நம்பர் உன்னோடதுதாம்மா. நில்லு."

"நம்பர் என்னோடது. படம் என்னோடது இல்ல."

டச்சிங்காரர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார். சுவரில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அந்த ஆளின் சட்டையில் கட்டம் போட்டிருந்தது. குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். கட்டம்.

பிரின்சிபால் மேடம் புன்னகையை முகத்தில் வைத்துக்கொண்டே பல்லுக்கு நடுவில் பேசினார். "என்ன பிரச்சனை? விருந்தினர் நிக்கிறார்."

"மேடம், நான் பலூன் வரையலை" என்றாள் சுண்டெலி. "அப்பாவுக்கு மூணு கை வரைஞ்சேன்."

"மூணு கையா?" மேடம் சிரித்தார். "யாருக்காவது மூணு கை இருக்குமா? மறந்திருப்பே. இவ்ளோ அழகா வரைஞ்சிட்டு இல்லைன்னு சொல்லலாமா?"

"மூணுதான் மேடம். ஒண்ணு மவுஸ்ல, ஒண்ணு போன்ல. ரெண்டும் எப்பவும் வேலையா இருக்கும். அப்ப என் கையை யாரு பிடிக்கிறது? அதான் இன்னொண்ணு போட்டேன்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எண்ணத் தெரியாத குழந்தை இல்லை அது.

முன்பே படம் எடுத்து முடித்து ஓரமாக நின்றிருந்த இரட்டைச் சடைக்காரி எட்டிப் பார்த்தாள். "மிஸ், அது என்னோட பலூன்! என்கிட்ட பத்துதான் இருக்கு, எண்ணிட்டேன்!"

"நீ சும்மா இரு" என்றார் டிராயிங் மிஸ். அவருக்கு எது எப்படி என்று புரியவில்லை. புரியாதபோது ஆசிரியர்கள் செய்வதை அவரும் செய்தார். சுண்டெலியிடம் குனிந்து, "பொய் சொன்னா மிஸ்ஸுக்குப் பிடிக்காது. நல்லா யோசி. நீதானே வரைஞ்சே?" என்றார்.

சுண்டெலி யோசித்தாள். சுவரில் படம் ஆளுயரத்துக்குப் பளபளவென்று இருந்தது. முதுகில் சுவடே இல்லை. சிறுமி பலூனை எத்தனையோ நாளாகப் பிடித்திருப்பவள் போல அவ்வளவு இயல்பாகப் பிடித்திருந்தாள். பெரியவர்கள் இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். அவள் மெல்லத் திரும்பினாள்.

"ப்பா... நான் ரெண்டு கைதான் போட்டேனா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவள் உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். தான் செய்த வேலை எவ்வளவு நேர்த்தி என்பது டச்சிங்காரருக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. தாளிலிருந்து மட்டும் இல்லை, குழந்தையின் தலைக்குள்ளிருந்தும் அந்தக் கை பாதி போயிருந்தது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் மீதியும் போய்விடும். மேடம் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அடையாள அட்டைகள் இருந்தன, குழுப் படங்கள் இருந்தன, நாற்காலியை இரண்டு முறை துடைத்த முதலாளி இருந்தார்.

"இல்லடா" என்றார். "மூணுதான் போட்டே. நான்தான் அழிச்சேன்."

பெற்றோர் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. விருந்தினர் மட்டும், அதைத் தன் உரைக்குத் தாமதமாக வந்த பாராட்டு என்று நினைத்துத் தலையை ஆட்டினார்.

"நீயா?" என்றாள் சுண்டெலி.

"ஆமா. உன்னோடதுன்னு தெரியலை."

"வேற யாரோடதா இருந்தா அழிக்கலாமா?"

அவர் சுவரிலிருந்த மற்ற படங்களைப் பார்த்தார்.

"ஏன் அழிச்சே?"

"தப்புன்னு நெனச்சேன்."

"அழிச்சிட்டு அந்தப் பொண்ணு கையில எதுக்குப் பலூன் குடுத்தே?"

"சும்மா நிக்கிறாளேன்னு..."

"அதான் தப்பு" என்றாள் அவள். சொன்னதும் உதடு பிதுங்கியது. ஆனால் அழவில்லை; அழுவதைவிட அவளுக்கு அப்போது கோபம் அதிகம்.

இரட்டைச் சடைக்காரி விடவில்லை. "அங்கிள், அப்ப நீங்கதான் எடுத்தீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். அவ்வளவுதான். நாயின் சொந்தக்காரன் ஓடிவந்து கால்களை எண்ணினான். "இது மூணு கால்ல நிக்காது, ஒண்ணுக்குப் போறப்ப ஒரு காலைத் தூக்குமே, அதுக்குத்தான் எக்ஸ்ட்ரா!" நிலாவுக்கு மூக்கு வரைந்தவள் மூக்கைக் கேட்டாள். "என் பஸ் ஏன் கீழ இறங்கிடுச்சு?" என்று ஒருவன் தேம்பினான். நாற்பது பேரும் அவரவர் படத்தில் காணாமல் போனதைத் தேட ஆரம்பித்தார்கள். எதுவும் போகாதவர்கள்கூடப் போனதாகச் சொன்னார்கள்.

பிரின்சிபால் மேடம் இருபத்தைந்து வருட அனுபவசாலி. மைக்கைப் பிடித்தார். "அன்பான பெற்றோர்களே! நாங்கள் திட்டமிட்டபடி, இப்போது நிகழ்ச்சியின் அடுத்த பகுதி. குழந்தைகள் தங்கள் படங்களைத் தாங்களே மறுபடைப்பு செய்வார்கள். பத்து நிமிடம்." அலுவலகத்திலிருந்து மார்க்கர் பேனாக்கள் பறந்து வந்தன. கைதட்டல் எழுந்தது. முன்கூட்டியே திட்டமிட்ட இந்தப் புதுமையைப் பாராட்டி விருந்தினர் மறுபடியும் முன்னால் வந்து இரண்டு வார்த்தை பேசினார். இந்த முறை தாள் இல்லாததால் இரண்டு வார்த்தையோடு நின்றது.

டச்சிங்காரர் ஒரு கறுப்பு மார்க்கரை வாங்கிக்கொண்டு மகளிடம் போனார். "இந்தா, கையைத் திரும்பப் போடு."

"வேணாம்."

"ஏன்டா? நாளைக்கே நான் ஒரிஜினலைத் திரும்பப் பிரிண்ட் போட்டுத் தர்றேன். அப்படியே இருக்கும்."

"அது ஒண்ணும் வேணாம்" என்றாள். டிராயிங் மிஸ்ஸின் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, கூச்சலுக்கு நடுவே ஹாலின் ஓரத்தில் தரையில் குப்புறப் படுத்தாள். அவர் போய்ப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் உடனே முழங்கையால் தாளை மறைத்தாள்.

"என்ன வரையுற?"

"முடிச்சிட்டுச் சொல்றேன். நடுவுல பாக்காதே."

"சரி."

"சூப்பர்னு சொல்லாதே."

"சரிடா."

"தொடவும் கூடாது."

அவர் தலையாட்டினார். கேமராவைத் தள்ளி வைத்துவிட்டு, முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இருபது வருட அனுபவமுள்ள அந்த இரண்டு கைகளுக்கும் அன்று வேறு வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை.