ஜெயிக்க ஜெயிக்க

அது தொண்ணூற்றிரண்டு, பிப்ரவரி கடைசி சனிக்கிழமை. கையாலும் பந்தைப் பிடித்து ஆடும் எங்கள் பக்கத்துக் கால்பந்தில், பருவம் தொடங்குமுன் ஒரே நாளில் நடக்கும் நாக் அவுட் கோப்பை. எட்டு ஊர் அணிகள், எல்லாம் மெல்பர்னிலிருந்து வெகு தொலைவு. தோற்றால் வீட்டுக்குப் போகலாம். ஜெயித்தால் திரும்ப ஆட வேண்டும். மைதானத்துப் புல் காய்ந்து, தரை தார்ச்சாலை போல இறுகிக் கிடந்தது. வடக்குக் காற்று அறுத்த வயல்களின் தூசியை வாரி வந்து கண்ணில் போட்டது.

நான் எங்கள் அணியின் முதலுதவிக்காரி. கணுக்காலுக்குக் கட்டுப் போடுவேன், ஐஸ் வைப்பேன், தண்ணீர் பாட்டிலோடு ஓடுவேன். பதினோரு வருடமாக அதே வேலை.

பத்தரை மணிக்கு முதல் ஆட்டம். டெரில் பாஸ்கோ பந்துக்கு எம்பினான். எங்கள் கோலைக் காப்பவன், தானியக் கிடங்கில் வேலை, வயது இருபத்து மூன்று. பின்னால் எம்பியவனின் முழங்கால் அவன் காதுக்கு மேலே இடித்தது. சத்தம் எனக்குக் கேட்டது. நான் போய்ச் சேருவதற்குள் எழுந்துவிட்டான்.

"ஒண்ணுமில்ல நோரீன். தண்ணி குடு."

இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நாம எந்தப் பக்கம் அடிக்கிறோம்?" என்றான். சொன்னேன். ஆரஞ்சுத் துண்டைச் சப்பிவிட்டு மறுபடியும் கேட்டான், முதல்முறை கேட்பது போல.

அந்த ஆட்டம் எங்களுக்குத்தான். பயிற்சியாளர் மெர்வ் ட்ரெலோரிடம் போய்ச் சொன்னேன்.

"வெயிலு. தொப்பி போட்டு நிழல்ல உக்காரச் சொல்லு."

"வெயில் இல்ல மெர்வ். கேட்டதையே கேக்கறான்."

"அவன் எப்பவுமே அப்படித்தான், அவங்கம்மாகிட்ட கேளு" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். டெரிலும் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

ஒரு மணிக்கு இரண்டாவது ஆட்டம். வாழ்க்கையில் முதல்முறையாக எங்கள் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எதிரணி அடித்த பந்து எங்கள் கோலுக்கு நேராக வந்தபோது, போகட்டும், போய்விடட்டும் என்று முணுமுணுத்தேன். டெரில் குறுக்கே பாய்ந்து அதைப் பிடித்துவிட்டான். ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம். எல்லோரும் அவன் தலையைத் தட்டிக் கொண்டாடினார்கள்.

இறுதி ஆட்டம் மூன்றரைக்கு. அவன் பந்தலடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். முகத்தில் மொய்த்த ஈக்களை விரட்டவில்லை. அவன் பூட்ஸைத் தூக்கி என் காரில் போட்டுப் பூட்டினேன்.

ட்ரெலோர் வந்தார். "சாவியக் குடு."

"தர மாட்டேன்."

"நீ என்ன டாக்டரா? பதினாறு வருஷமா இந்தக் கோப்பை நம்ம ஊருக்கு வரல."

"வராட்டி போகட்டும்."

டெரில் எழுந்து உட்கார்ந்தான். "விடு மெர்வ், எவன்கிட்டயாவது வேற ஜோடி இருக்கும்" என்றான். யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். காலை நுழைத்துக் குனிந்து கயிற்றைப் பிடித்தான். நழுவியது. மறுபடி பிடித்தான். நழுவியது. இடது கை விரல்கள் மூடவில்லை. அது வேறு யாருடையதோ போலத் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து வாந்தி எடுத்தான்.

ட்ரெலோர் குனிந்து அவனை இரு கைகளிலும் வாரித் தூக்கினார். "வண்டிய எடு நோரீன்."

பக்கத்து நகர ஆஸ்பத்திரிக்கு அறுபது கிலோமீட்டர். டெரில் பின்சீட்டில் ட்ரெலோர் மடியில் கிடந்தான். பாதி வழியில் அவன் மூச்சு கரகரக்கத் தொடங்கியது. "டேய், தூங்காதடா. என் குரலக் கேளு" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டர் அவன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "அடி எப்ப பட்டுச்சு?"

"காலையில. பத்தே முக்கா இருக்கும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்து.

மண்டைக்குள் இரத்தம் கட்டியிருந்தது. அங்கேயே திறந்து வடித்து, ஹெலிகாப்டரில் மெல்பர்னுக்கு அனுப்பினார்கள். அதுவரை நானும் ட்ரெலோரும் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"நீ முன்னாடியே சொன்ன" என்றார்.

"சொன்னேன். சொல்லிட்டு, ரெண்டாவது ஆட்டத்துல அவனுக்குத் தண்ணியும் கொண்டுபோய்க் குடுத்தேன்."

டெரில் பிழைத்தான். வசந்தத்தில் கிடங்குக்குத் திரும்பினான்; மூட்டை தூக்க முடியாது, லாரிகளுக்கு எடை போட்டான். கோப்பை ஆட்டம் நடந்த வாரமே நான் கிளப்பை விட்டு விலகியிருந்தேன். இப்போதும் தெருவில் என்னைக் கண்டால் டெரில் கையை உயர்த்துவான். வலது கையை.