கசியாத தொட்டிகள்

அக்காவின் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்ததும் எனக்கு இரண்டு கவலை. ஒன்று அக்கா. இன்னொன்று, மொட்டைமாடியில் அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்த எட்டுக் கத்தரிச் செடிகள். கல்நெஞ்சக்காரி என்பார்கள், சொல்லட்டும். போன வருடம் ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பியபோது மாடியில் சுள்ளிதான் மிச்சம். "மறந்துட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். பத்து நாள் அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்தத் தடவை பன்னிரண்டு நாள்.

"செடிக்காக அக்காவைப் பார்க்கப் போகாம இருப்பியா?" என்றார்.

"உங்களை நம்பிப் போகச் சொல்றீங்களா?"

அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாள் பதினாறு சின்ன மண் பூந்தொட்டிகளோடு வந்தார். கடையிலேயே மலிவான சரக்கு. இரண்டிரண்டாக வாயோடு வாய் வைத்து சிமெண்ட் பூசி ஒட்டினார். அடித் துளையை அடைத்தார். செடிக்குப் பக்கத்தில் புதைத்து, மேல் துளை வழியாகத் தண்ணீர் நிரப்பினால், மண் காயக் காயத் தொட்டி தானே கசிந்து கொடுக்குமாம். வாரத்துக்கு இரண்டு முறை நிரப்பினால் போதுமாம். வேலை செய்கிற இடத்தில் யாரோ சொன்னார்களாம்.

ஒட்டு காய்ந்ததும் புதைத்தார். "மூணு நாள் நீ மாடிப் பக்கமே வராதே. சோதனை" என்றார்.

மூன்றாம் நாள் கூப்பிட்டு, தொட்டிக்குள் குச்சி விட்டுக் காட்டினார். "பாரு, ஊத்தின தண்ணி ஊத்தினபடியே இருக்கு. ஒரு சொட்டு வீணாகல!" வாயெல்லாம் பல். செடிகளோ தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

ஒரு தொட்டியைத் தோண்டி எடுத்தேன். பளபளவென்று பச்சை பெயிண்ட்.

"பெயிண்ட் அடிச்சீங்களா?"

"மண்ணுக்குள்ள கெட்டுப்போகக் கூடாதுன்னு ரெண்டு கோட் அடிச்சேன். மழைக்கே அசையாது. பத்து வருஷம் கேரண்டி."

"அப்புறம் எப்படிங்க கசியும்?"

மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபத்தைந்து வருடமாக ஊரார் சுவர்களில் கசிவை அடைத்தே பிழைக்கிற பெயிண்டர். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். இரண்டு நாளில் கிளம்ப வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. "நான் போகல" என்றேன்.

மறுநாள் லீவு போட்டு, புதிதாகப் பதினாறு தொட்டி வாங்கி வந்து ஒட்டினார். வெறும் மண் நிறத்தில் எதையும் விட்டுவைக்க அவருக்குக் கை வராது. பாவம், கஷ்டப்பட்டு விட்டுவைத்தார். ஆனால் ஒட்டு காய்வதற்குள் என் பஸ் வந்துவிடும். சோதிக்க நேரமில்லை.

"காயறவரைக்கும் கையால ஊத்தறேன். நீ கிளம்பு" என்றார்.

கிளம்பினேன். அவரை நம்பி அல்ல, அக்காவுக்காக.

முதல் நாள் மூன்று தடவை போன் செய்து செடியை விசாரித்தேன். ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார். "தண்ணி பாதி குறைஞ்சிடுச்சு! குறைஞ்சிடுச்சு!" லாட்டரி விழுந்தவர் மாதிரி கத்தினார்.

ஒன்பதாம் நாள் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஏன்டி, உன் செடிக்கெல்லாம் அங்க யாரு தண்ணி ஊத்தறா?" என்றாள்.

"அவருதான்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளாகப் போனில் அவரிடம் செடியைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.