கோட்டுப் பையில் இருந்தவை

கைக்குட்டையைத் தேடிக் கோட்டுப் பைக்குள் கையை விட்ட அண்ணி, விட்ட கையை வெளியே எடுக்கவில்லை. அடுத்த சோதனைக்கு வந்திருந்த துணிக்கடைக் கட்டடத்தின் பின்புறப் படிக்கட்டில், மடியில் டிபன் பாக்ஸ் திறந்து கிடக்க, வாயில் ஒரு கவளம் பாதி மென்றபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பைக்குள் கைக்குட்டை இல்லை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, பிளாஸ்டிக்கில் நான்கு சாமான்கள் இருந்தன. எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. காலையில் வேலை பார்த்துவிட்டு வந்த கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தின் மெயின் போர்டில் இந்நேரம் அவை செருகப்பட்டிருக்க வேண்டும்.

எங்கேயோ மின்கம்பியில் இடி விழுந்தால், கண் இமைக்கும் நேரத்துக்குள் மின்சாரம் எகிறிப் பாய்ந்து கட்டடத்துக்குள் வரும். அதை வாசலிலேயே மடக்கிப் பூமிக்குள் இறக்கிவிடுவதற்கு சர்ஜ் அரெஸ்டர் என்று ஒன்றைப் போர்டில் வைப்பார்கள். அதன் உயிரே இந்த நான்கு கார்ட்ரிட்ஜுகளில்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை, எங்காவது கசிவு இருக்கிறதா என்று மெக்கர் என்ற கருவியை வைத்துக் கேபிளைச் சோதிக்கும்போது மட்டும் இவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் மெக்கர் அனுப்பும் வோல்டேஜையும் விழுங்கிவிட்டுக் கணக்கைக் கெடுக்கும். பிடுங்கு, சோதி, திரும்பச் செருகு. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற வேலைதான். பிடுங்கியாகிவிட்டது, சோதித்தாகிவிட்டது.

அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டிய ஒரே ஆள், அவள் கணவனின் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். கணவர் புதுக் கட்டடங்களுக்கு ஒயரிங் எடுத்துச் செய்கிற ஒப்பந்தக்காரர். ஓடிக்கொண்டிருக்கும் ஆலை, கடை, கிடங்குகளுக்குப் போய்ச் சோதனை பார்க்கிற வேலை இந்த இரண்டு பெண்களுடையது. சின்னவள் வாய்க்கு வாய் அண்ணி அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பொரிப்பக மேனேஜரிலிருந்து தலை நரைத்த ஸ்டோர் கீப்பர்வரைக்கும் அவளை அண்ணி என்றே அழைக்கப் பழகிவிட்டார்கள். ஒருவர் சொல்ல ஒருவர் பதில் கொடுத்துத்தான் இருவரும் வேலை செய்வார்கள். போர்டை மூடும் முன் சின்னவள், "அரெஸ்டர் போட்டாச்சா அண்ணி?" என்பாள். "போட்டாச்சு" என்று பதில் வந்த பிறகுதான் கதவு சாத்தும். பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்திருந்தாலும் கேட்பாள். கட்டடங்களில் இவர்கள் இருவரின் சத்தம் பெரிய சத்தம்.

இந்த வாரம் அந்தச் சத்தம் இல்லை. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சின்னவளுக்குக் கல்யாணம் சரியாக அமையவில்லை. ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவளை, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே அழைத்துக்கொண்டவள் அண்ணிதான். அழுதுகொண்டே கிடந்தவளைத் தன்னோடு சைட்டுக்கு இழுத்துப் போனவளும், பாதியில் விட்ட டிப்ளமோவை முடிக்க வைத்தவளும் அண்ணிதான். அப்படிப்பட்டவளுக்கு, தன் நாத்தனார் தனியாக வீடு பார்த்துவிட்ட சேதி மருந்துக் கடையில் தெரிந்தது. தலைவலி மாத்திரையை மடித்துக் கொடுத்துக்கொண்டே கடைக்காரர், "உங்க நாத்தனார் எங்க தெருவுக்கே வர்றாங்களாமே, ரொம்ப சந்தோஷம்" என்றார். அண்ணி சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து யாரையும் எதுவும் கேட்கவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாள். இவள் நிறுத்தியதும் அவளும் நிறுத்திவிட்டாள். நடுவில் மாட்டிக்கொண்டவர் அண்ணன். "உங்க தங்கச்சியைச் சாப்பிட வரச் சொல்லுங்க" என்று இவள் சொல்வாள். தங்கச்சி கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பாள். மனிதர் இரண்டு பக்கமும் தபால் பட்டுவாடா செய்து களைத்துப்போயிருந்தார்.

சைட்டில் தபால்காரர் கிடையாது. காலையில் அண்ணி வாயைத் திறக்காமல் கார்ட்ரிட்ஜுகளைப் பிடுங்கிப் பையில் போட்டாள். சின்னவள் வாயைத் திறக்காமல் மெக்கர் பிடித்தாள். அண்ணி திரும்பச் செருகியிருப்பாள் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்; போட்டாச்சா என்று கேட்கும் குரல் இல்லாததால் அண்ணிக்கு நினைவே வரவில்லை. யாரோ கதவைச் சாத்தினார்கள்.

அண்ணி தலையை நிமிர்த்தினாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நாலு படி கீழே முதுகைக் காட்டிக்கொண்டு சின்னவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி இறங்கிப் போய், அவள் கண்ணுக்கு நேரே உள்ளங்கையை விரித்தாள். சின்னவள் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

"இன்னிக்குக் குஞ்சு எடுக்கற நாளு" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

அது அண்ணிக்கும் தெரியும். போன மழைக்காலத்தில் ஓர் இடியில் அங்கே பொரிப்பான்களின் கன்ட்ரோல் போர்டுகள் மொத்தமும் எரிந்துபோயின. கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறது. போர்டே போனால் ஜெனரேட்டர் என்ன செய்யும்? மின்விசிறி நின்று, உள்ளே சூடு ஏறி, முட்டையோட்டை உடைத்துப் பாதி வெளியே வந்த குஞ்சுகள் மூச்சு முட்டிச் செத்தன. மறுநாள் போனபோது மேனேஜர் தட்டுகளைத் தானே ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. அதற்குப் பிறகுதான் அரெஸ்டர் வாங்கி மாட்டினார்கள். "அண்ணி, இனிமே இது மாதிரி ஆகாதுல்ல?" என்று அவர் கேட்டதும், ஆகாது என்று இவள் வாக்குக் கொடுத்ததும் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

போன் போட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தே மறுபடியும் போட்டாள். பொரிப்பகத்துக்குள் போகிறவர்கள் குளித்து, அங்கே தரும் உடுப்பை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். நோய்க்கிருமி போய்விடக் கூடாதென்று போன்களை எல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மெயினை இறக்கிவிட்டு ஜெனரேட்டரில் ஓட்டுங்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும், ஆபத்து முக்கால்வாசி விலகிவிடும். அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

சின்னவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அண்ணி பின்னால் ஏறிக்கொண்டாள். வழி நெடுக எதிர்க்காற்று. ஒரு கையால் கோட்டுப் பையை அமுக்கிப் பிடித்திருந்தாள்; இன்னொரு கை எப்போதும்போல சின்னவளின் தோளில் இருந்தது. ஒரு வாரமாக வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வீம்பாக வந்தவள், பாதி வழியில்தான் கை இருக்கும் இடத்தைக் கவனித்தாள். எடுக்கத் தோன்றவில்லை.

பொரிப்பக வாசலில் காவலாளியின் மேஜைமேல் ஒரு தட்டு நிறையப் போன்கள் கிடந்தன.

"இவ்வளவு நேரமா கத்திட்டே இருக்கு" என்றார் காவலாளி. "யார் போனை எடுத்தாலும் திட்டு. எடுக்கலன்னாலும் திட்டு. நான் என்னம்மா பண்றது?"

போர்டு அறைக்கு வெளிப்பக்கமாகவே கதவு உண்டு, ஆனால் சாவி மேனேஜரிடம். காவலாளி மணியை அடித்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பில் வெளியே வந்த மேனேஜரின் முகம் நன்றாக இல்லை. திரும்ப உள்ளே போவதற்கு இன்னொரு குளியல் போட வேண்டும். வேலை தலைக்குமேல் கிடக்கிற நாள்.

"என்ன அண்ணி?"

"காலைல அரெஸ்டரைத் திரும்பப் போட மறந்துட்டோம்."

மேனேஜர் வானத்தைப் பார்த்தார். அவர் கை தன்னால் சாவிக்கொத்தைத் தேடிப் போயிற்று.

"மறக்கல சார்" என்றாள் சின்னவள். "நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. அதான் விட்டுப்போச்சு."

அண்ணிக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்து, தூரத்தில் உருண்ட ஓர் இடியைக் கேட்டு, சொல்லாமலே கதவைத் திறந்துவிட்டார்.

"மெயின் இறக்கறேன் அண்ணி" என்றாள் சின்னவள்.

"இறக்கு."

ஹேண்டில் டக்கென்று கீழே விழுந்தது. கட்டடம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகளின் இரைச்சல் படிப்படியாக அடங்கிற்று. அது அடங்கிய பிறகுதான், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு சத்தம் கேட்டது. ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. மூன்று பேரும் அசையாமல் நின்று அதைக் கேட்டார்கள். பிறகு ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்ப, இரைச்சல் திரும்ப வந்து அந்தச் சத்தத்தை மூடியது.

டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று சின்னவள் உறுதி செய்தாள். அண்ணி நான்கையும் செருகினாள். ஒவ்வொன்றின் முகப்பிலும் இருந்த சின்ன ஜன்னலில் பச்சை தெரிந்தது. "மழை விடற வரைக்கும் ஜெனரேட்டர்லயே ஓடட்டும். நாங்க இங்கயே இருக்கோம்" என்றாள். மேனேஜர் தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

மழை வந்துவிட்டது. தகரக் கூரையில் அது விழுந்த வேகத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது போலிருந்தது. இருவரும் போர்டுக்கு எதிரே ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி அவள் காதருகே குனிந்து கேட்டாள்.

"என்ன குறை வெச்சேன்?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப ஏன் மருந்துக்கடைக்காரர் சொல்லி நான் தெரிஞ்சுக்கணும்?"

சின்னவள் கையுறையைக் கழற்றி மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"உங்ககிட்ட சொன்னா அழுவீங்க. நீங்க அழுதா நான் போக மாட்டேன். எனக்குப் போகணும் அண்ணி. கதவைத் திறந்து உள்ள போனா, இது என் வீடுன்னு ஒரு இடம் வேணும். உங்க வீட்டுல எனக்கு எல்லாம் இருக்கு. அது உங்க வீடு."

அண்ணிக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. நான் இல்லாமல் நீ சாப்பிட மாட்டாய், மழைக்கு உனக்குச் சளி பிடிக்கும், ஊர் என்ன பேசும் என்றெல்லாம் வரிசையாக வந்து நின்றன. எல்லாமே உண்மைதான், ஆனால் ஒன்றுகூட அவளுக்காகச் சொல்கிற காரணமாக இல்லை. இவள் போய்விட்டால் தனக்கு வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்பதுதான் காரணம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. சின்னவள் பார்த்துவிடாமல் முகத்தைப் போர்டு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மழை குறைந்தது. இடியும் கிழக்கே தள்ளிப்போய்விட்டது. இனிப் பயமில்லை என்று மெயினை ஏற்றி, ஜெனரேட்டரை அணைத்து, கருவிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது விழுந்தது. வானம் நன்றாக வெளுத்த பிறகு, போகிற போக்கில் அடித்ததுபோல் ஒரே ஓர் இடி. குழல்விளக்கு பளீரென்று குதித்தது. போர்டுக்குள் ஏதோ சொடுக்குப் போட்ட சத்தம். சின்னவளின் கை அண்ணியின் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. இருவரும் மூச்சை அடக்கிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மின்விசிறிகளின் இரைச்சல் நிற்கவில்லை.

அரெஸ்டரில் ஒரு ஜன்னல் சிவப்பாகியிருந்தது. அடியை வாங்கிக்கொண்டு போய்விட்டது. மேனேஜர் இந்த முறை குளியலைப் பற்றி யோசிக்காமல் ஈரத் தலையோடு ஓடிவந்தார். "எல்லாம் ஓடுது அண்ணி, எல்லா மெஷினும் ஓடுது" என்றவர், அந்தச் சிவப்பு ஜன்னலைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துகொண்டார். பையில் மாற்று கார்ட்ரிட்ஜ் இருந்தது. மறுபடி மெயினை இறக்கி மாற்றினார்கள். போகும்போது மேனேஜர், "அடுத்த தடவை வர்றதுக்குள்ள ராசி ஆயிடுங்க. எனக்குத் தாங்காது" என்றார். காவலாளி அதற்கு அவ்வளவு பெரிதாகச் சிரித்திருக்க வேண்டியதில்லை.

வண்டி ஈரச் சாலையில் போயிற்று. வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது.

"திரும்பாதே, நேரா போ" என்றாள் அண்ணி.

"எங்க?"

"உன் ரூமுக்கு. சாவி வெச்சிருக்கேல்ல?"

"இருக்கு."

"எர்த் இருக்கான்னு பாத்தியா?"

சின்னவள் வண்டியை நேராக விட்டாள்.

"ஊருக்கெல்லாம் பாத்துக் குடுக்கறே. நீ படுக்கற எடத்துல பாக்க மாட்டே. நல்லா இருக்கு."

மாடியில் ஓர் அறை, அதை ஒட்டிச் சமையலுக்கு ஓர் இடம், ஒரு குளியலறை. புதுச் சுண்ணாம்பு வாசனை. சாமான் எதுவும் வராததால் பேச்சு எதிரொலித்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யார் வீட்டுத் துணியோ மழையில் நனைந்து கொடியில் தொங்கியது. சின்னவள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, இங்கே கட்டில், இங்கே மேஜை என்று காட்டினாள். ஒரு வாரமாக அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் இப்போதுதான் வெளியே வந்தது. அண்ணி எல்லாவற்றுக்கும் ம் கொட்டிக்கொண்டே பையைத் திறந்து, பிளக்கில் செருகிப் பார்க்கும் சின்ன டெஸ்டரை எடுத்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அதில் இரண்டு பச்சை எரியும். எர்த் இல்லாவிட்டால் ஒன்று அணைந்துவிடும். வீட்டுக்காரர் ஆள் வைத்துத் தரையைத் தோண்டிச் சரிசெய்யும்வரை இங்கே யாரும் குடிவர முடியாது. ஒரு மாசம் ஆகும். சோம்பேறி வீட்டுக்காரராக இருந்தால் இரண்டு மாசம்.

கதவுப் பக்கத்துப் பிளக்கில் செருகினாள். இரண்டு பச்சை.

ஜன்னலுக்குக் கீழே இருந்ததில் செருகினாள். இரண்டு பச்சை. யாரோ மனச்சாட்சியுள்ள எலக்ட்ரீஷியன் வேலை பார்த்திருக்கிறான், நாசமாய்ப் போக. கட்டில் வரப்போகும் மூலையில் பார்த்தாள். குளியலறை வாசலில் பார்த்தாள். இந்தத் தொழிலுக்கு வந்த நாள் முதலாக எந்தக் கட்டடத்திலும் எர்த் சரியில்லாமல் இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதில்லை.

"எப்படி இருக்கு அண்ணி?" என்று அந்தப் பக்கத்திலிருந்து சின்னவள் கேட்டாள்.

"இரு, இன்னும் ஒண்ணு பாக்கி" என்று சொல்லிவிட்டு, அண்ணி சமையல் மேடைக்கு அடியில் முழங்காலை ஊன்றிக் குனிந்தாள்.